மடிக்கணினியைத் தூங்கவிடுங்கள்

“மாமா, லினக்ஸை எடுத்துட்டு விண்டோஸ் போட்டாத்தான் பேட்டரி நிக்குமாம். கடையில சொல்லிட்டாங்க.”

செமஸ்டர் விடுமுறைக்கு வந்த அக்கா மகள், பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்ததும் சொன்னது இது. வாங்கிய புதிதில் ஏழெட்டு மணி நேரம் தாங்கிய பேட்டரி இப்போது மூன்று மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பழுதுபார்க்கும் கடையில் இயந்திரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். திரையில் லினக்ஸ் வந்ததைப் பார்த்ததுமே, ‘இது பேட்டரியைத் தின்னும்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளாக இதே வாக்கியத்தைக் கேட்டுவருகிறேன். கடைக்காரர் சொல்கிறார். கணினித் துறைப் பேராசிரியர் சொல்கிறார். லினக்ஸ் சர்வர்களை நாள்முழுக்க நிர்வகிக்கும் பொறியாளரே, ‘சர்வருக்குச் சரி, லேப்டாப்புக்கு ஒத்துவராது’ என்கிறார். தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் அது. அடுத்த ஆண்டே மாவட்டங்களில் மணிக்கணக்கில் மின்வெட்டு. பேட்டரியில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட காலம். ‘அது சார்ஜை இழுக்கும்’ என்ற ஒரே பேச்சை நம்பி பாஸை அழித்த மாணவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே இழுக்கிறதா, எவ்வளவு இழுக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லை. அளக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். பேட்டரியைக் காலி செய்வது, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் விழித்திருக்கும் உறுப்புதான். எந்த இயங்குதளத்திலும் அப்படித்தான். லினக்ஸில் அந்த உறுப்பு எது என்று கண்டுபிடிக்கவும், அதைத் தூங்கவைக்கவும் வழி திறந்தே இருக்கிறது. கையில் இந்த வசதியை வைத்துக்கொண்டு இயங்குதளத்தையே அழிப்பது, குழாய் சொட்டுகிறது என்பதற்காக வீட்டை மாற்றுவது போன்றது.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பேட்டரியைத் தின்னும் என்ற பெயர் லினக்ஸுக்கு வெறும் வதந்தியால் வந்ததன்று. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஒரு காலத்தில் கடிகாரத் துடிப்பு ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2.6 வரிசையின் தொடக்கத்தில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நொடிக்கு 1000 முறை அது செயலியை எழுப்பியது. பிறகு அது 250 ஆகக் குறைந்தது. அப்போதும் நொடிக்கு 250 முறை தட்டி எழுப்பினால் யார்தான் ஆழ்ந்து தூங்க முடியும்? 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 கெர்னல் இதை மாற்றியது. வேலை இல்லாதபோது துடிப்பையே நிறுத்திவைத்து, அடுத்த வேலை எப்போதோ அப்போது மட்டும் எழுப்பும் முறை வந்தது. சில வாரங்களில் இன்டெல் பொறியாளர்கள் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டார்கள். எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை செயலியை எழுப்புகிறது என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. சும்மா இருப்பதாக நாம் நினைத்திருந்த பல நிரல்கள் அந்தப் பட்டியலில் மாட்டின. எழுதியவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

2011இல் இன்னொரு சறுக்கல். 2.6.38 கெர்னலுக்கு மாறிய பலரின் மடிக்கணினிகள் கூடுதல் மின்சாரம் இழுத்தன. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற வசதிதான் சிக்கல். அது இயந்திரத்தில் இல்லை என்று பயாஸ் சொன்னால், கெர்னல் அந்தச் சொல்லை நம்பி இணைப்புகளை விழித்தே இருக்கவைத்தது. பயாஸ் சொல்வதோ பல இயந்திரங்களில் உண்மைநிலையோடு பொருந்தவில்லை. காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, மேத்யூ காரெட் திருத்தம் எழுதினார்.

ஆக, லினக்ஸ் பேட்டரியை வீணடித்த நாட்கள் உண்டு. ஆனால் 2007லும் 2011லும் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு முறையும் குற்றவாளி, தூங்கவிடாத ஒரு குறிப்பிட்ட பகுதி. இரண்டு முறையும் அது அளவீட்டால் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. நோய் குணமாகி ஆண்டுகள் பல ஆனபிறகும் நோயாளி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸின் இயல்பே தின்பது என்பவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடுவது எந்தக் கெர்னல்? லினக்ஸ் கெர்னல்தான். மடிக்கணினியைவிடப் பல மடங்கு சிறிய பேட்டரியில் காலையிலிருந்து இரவுவரை அது ஓடுகிறது. 2011 முதல் விற்பனையாகும் குரோம்புக் மடிக்கணினிகளிலும் அதே கெர்னல்தான். நீடித்த பேட்டரி அவற்றின் சிறப்புகளில் ஒன்று. கெர்னலே தின்னியாக இருந்தால் இவை எப்படி நிற்கும்? வேறுபாடு ஒன்றுதான். அந்தக் கருவிகளில் எந்த உறுப்பு எப்போது தூங்க வேண்டும் என்பதை விற்பதற்கு முன்பே உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறார்கள். விண்டோஸோடு வரும் மடிக்கணினியிலும் அதே உழைப்பை உற்பத்தியாளர் விண்டோஸுக்காகச் செய்திருக்கிறார். நாம் அதில் லினக்ஸை நிறுவும்போது அந்த உழைப்பில் ஒரு பகுதி நம் கைக்கு வருகிறது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு இயங்குதளத்தைத் திட்டுகிறோம்.

அந்த உழைப்பு எவ்வளவு பெரியது? அன்று மாலை அக்கா மகளோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன்.

சார்ஜரைக் கழற்றினோம். எல்லா நிரல்களையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். பேட்டரியைப் பற்றிக் கெர்னலுக்குத் தெரிந்த எல்லாமே ‘சிஸ்’ அடைவுக்குள் சாதாரணக் கோப்புகளாக இருக்கின்றன. எந்தச் சிறப்பு மென்பொருளும் வேண்டாம். ‘கேட்’ கட்டளை போதும். ‘எனர்ஜி_ஃபுல்_டிசைன்’ என்ற கோப்பு 50 வாட்-மணி என்றது. புதிதாக வந்தபோது பேட்டரியின் கொள்ளளவு அது. ‘எனர்ஜி_ஃபுல்’ 41 என்றது. இன்று அது பிடிப்பது அவ்வளவுதான். “அப்ப இதுலேயே கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு போயிடுச்சா மாமா?” என்றாள். ஆமாம். வயதான பேட்டரி அது. லித்தியம் பேட்டரி எந்த இயங்குதளத்திலும் தேயும்; எப்போதும் சார்ஜரில் சொருகி நூறு சதவீதத்திலேயே வைத்திருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். அவள் விடுதியில் அப்படித்தான் வைத்திருந்தாள்.

அடுத்து ‘பவர்_நவ்’ என்ற கோப்பு. அந்த நொடியில் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மைக்ரோவாட்டில் சொல்லும். பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். சும்மா இருக்கும் கணினி 13.5 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. 41ஐ 13.5ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம். அவள் சொன்ன அதே மூன்று மணி நேரம்!

சும்மா இருக்கும் இயந்திரம் ஏன் 13.5 வாட் இழுக்க வேண்டும்? அந்த மடிக்கணினியில் செயலியோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் தவிர, விளையாட்டுக்கென்று தனி கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. அவள் விளையாடுவதே இல்லை. தனி கார்டின் நிலையைச் சொல்லும் கோப்பைத் திறந்தோம். ‘ஆக்டிவ்’ என்றிருந்தது. யாருக்காக அது விழித்திருக்கிறது? கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘ஆன்’ என்றிருந்தது. அப்படியென்றால் தூங்கவே கூடாது என்று பொருள். ‘ஆட்டோ’ என்று மாற்றினோம். அப்போதும் தூங்கவில்லை. ஒரே கார்டில் கிராஃபிக்ஸோடு எச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பும் பகுதி ஒன்றும் உண்டு. ஒன்று விழித்திருந்தால் மற்றதாலும் தூங்க முடியாது. அந்தப் பகுதியையும் ‘ஆட்டோ’ ஆக்கினோம். சில நொடிகளில் ‘சஸ்பெண்டட்’ என்று வந்தது. வாட் கணக்கு மளமளவென்று இறங்கியது. திரை வெளிச்சத்தையும் இரண்டு படி குறைத்தோம். கடைசியில் 5.8 வாட்டில் நின்றது. 41ஐ 5.8ஆல் வகுத்தால் ஏழு மணி நேரம். தேய்ந்த பேட்டரியில், அதே லினக்ஸில்.

கணினியை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றம் போய்விடும் என்பதால் அதை நிலையாக எழுதிவைத்தோம். எண்பது சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வரம்பையும் வைத்தோம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆனது. கடையில் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்து நிறுவியிருந்தால் அதைவிடக் கூடுதல் நேரம் பிடித்திருக்கும்.

இனி, லினக்ஸை ஆதரிக்கும் நண்பர்கள் பக்கம் திரும்புகிறேன். அவர்களும் அதே தவற்றை வேறு வழியில் செய்கிறார்கள். பேட்டரி நிற்கவில்லை என்றதும் அவர்கள் கொடுக்கும் முதல் மருந்து: ‘செயலியின் வேகத்தைக் குறைத்துக் கட்டிப்போடு’. மெதுவாக ஓடினால் குறைவாகத் தின்னும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதில் பாதி உண்மையும் உண்டு. செயலி இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. உச்ச வேகத்துக்கு உச்ச மின்னழுத்தம் வேண்டும். ஆகவே மணிக்கணக்கில் வீடியோவை மாற்றும் வேலையிலோ விளையாட்டிலோ உச்ச வேகத்தைத் தவிர்ப்பது மெய்யாகவே மிச்சம்தான்.

ஆனால் மின்னழுத்தத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. ஓரளவுக்குக் கீழே வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் அழுத்தம் இறங்காது. அதற்குப் பிறகு மிச்சம் நின்றுவிடும். வேலை முடியும் நேரம் மட்டும் நீளும். அந்த நேரம் முழுக்க நினைவகமும், செயலியைச் சுற்றியுள்ள மற்றப் பகுதிகளும் விழித்தே இருக்க வேண்டும். கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும்வரை சுற்றியுள்ள பகுதிகள் 3 வாட் இழுக்கின்றன. ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும் வேலையை, செயலி 12 வாட் இழுத்து ஒரே நொடியில் முடித்துவிட்டால் மொத்தச் செலவு 15 ஜூல். அதே செயலியைக் கால்பங்கு வேகத்தில் கட்டிப்போட்டு, 2.5 வாட்டில் நான்கு நொடி ஓடவிட்டால் 22 ஜூல். கட்டிப்போட்டதால் மின்சாரமும் கூடுதலாகப் போயிற்று, உட்கார்ந்திருப்பவரின் நேரமும் போயிற்று.

நம்மில் பெரும்பாலோர் மடிக்கணினியில் செய்வது இப்படிப்பட்ட வேலைதான். ஒரு பக்கத்தைத் திறக்கிறோம், படிக்கிறோம். ஒரு வரியைத் தட்டுகிறோம், யோசிக்கிறோம். நாம் படிக்கும், யோசிக்கும் நேரமெல்லாம் செயலிக்கு ஓய்வு நேரம். இன்டெல் செயலிகளில் தூக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு. சி0 என்றால் விழிப்பு. எண் கூடக்கூடத் தூக்கம் ஆழமாகும். சி10 வரை போகும். ஆழ்ந்த படிகளுக்குப் போனால் இழுப்பு மிகக் குறைந்துவிடும். சட்டென்று வேலையை முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்கும் செயலிதான் பேட்டரியைக் காக்கிறது. அரைத் தூக்கத்தில் நாள்முழுக்க வேலை செய்யும் செயலியால் அது முடியாது.

இதோடு பெயர்க்குழப்பம் வேறு. கெர்னலில் வேகத்தை நிர்ணயிக்கும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். பழைய டிரைவரில் ‘பவர்சேவ்’ கவர்னர் என்றால் செயலியைக் குறைந்தபட்ச வேகத்திலேயே நிறுத்திவைப்பது. 2013இல் 3.9 கெர்னலோடு வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே ‘பவர்சேவ்’ தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாராமல் பழைய குறிப்புகளைப் பார்த்து மாற்றுகிறவர்கள், ஒன்று கணினியை ஊர்ந்துபோக வைக்கிறார்கள், அல்லது ஒழுங்காக இருந்ததைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அவர்கள் சொல்லும் வாக்கியமும் அதுவே: ‘லினக்ஸ் லேப்டாப்புக்கு ஒத்துவராது’.

இரண்டாவது மருந்து இன்னும் ஆபத்தானது: ‘கிடைக்கிற எல்லா மின்சேமிப்புக் கருவியையும் நிறுவு, எல்லாவற்றையும் உச்சத்தில் வை’. டிஎல்பி நல்ல கருவி. க்னோம் மேசைச்சூழலில் மூன்று நிலைகளைக் காட்டும் பவர் புரொஃபைல்ஸ் டீமனும் நல்ல கருவி. இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதுபவை. ஒன்றாக ஓடினால் ஒன்று வைத்ததை மற்றது கலைக்கும். ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பவர்டாப்பில் ஒரே அடியில் எல்லாவற்றையும் தூங்கவைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டதும் மவுஸ் இரண்டு நொடிக்கொரு முறை உறைகிறது என்று வருந்துகிறார்கள். யுஎஸ்பி மவுஸையும் சேர்த்துத் தூங்கவைத்தால் உறையத்தானே செய்யும்? டிஎல்பி இதை அறிந்தே மவுஸ், விசைப்பலகை போன்றவற்றை விலக்கிவைக்கிறது.

உச்சத்தில் வைத்ததால் வந்த கேடுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007இல் உபுண்டு பயனர்களிடையே ஒரு பெரிய விவாதம் எழுந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடுமையாக அமைக்கப்பட்ட வன்வட்டுகள், சில நொடி ஓய்வு கிடைத்தாலே படிக்கும் முனையை ஓரமாக ஒதுக்கிவைத்தன. உடனே இயங்குதளம் எதையாவது எழுதும், முனை திரும்பி வரும், மறுபடி ஒதுங்கும். அப்படி ஒதுங்கித் திரும்புவதற்கு 6 லட்சம் முறை என்பது அந்நாளைய மடிக்கணினி வட்டுகள் பலவற்றின் ஆயுள் கணக்கு. நிமிடத்துக்கு நான்கு முறை என்றால், நாளைக்கு எட்டு மணி நேரப் பயன்பாட்டில் ஓராண்டுக்குள் அது தீர்ந்துவிடும். கொஞ்சம் மின்சாரத்தைக் காப்பாற்றப்போய் வட்டையே பலிகொடுக்கும் நிலை. ஆழ்ந்து தூங்கவைப்பதும் நொடிக்கொரு தரம் தூங்கவைத்து எழுப்புவதும் ஒன்றாகாது.

சரியான பாதை எது என்பதற்கு 2018இல் ஃபெடோரா 28 என்ற லினக்ஸ் பதிப்பு வழிகாட்டியது. ரெட் ஹாட் பொறியாளர் ஹான்ஸ் டி கோடே அதற்காக ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டார். வட்டுக்கான சேட்டா இணைப்பை முழுவதுமாகத் தூங்கவைக்கும் பழைய அமைப்பு சில வட்டுகளில் தரவைக் கெடுக்கக்கூடியதாக இருந்தது. அதை எல்லோர்மீதும் திணிக்காமல், விண்டோஸ் டிரைவர் நடந்துகொள்வதைப் போன்ற பாதுகாப்பான ஓர் இடைநிலை கெர்னலில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பலரின் வட்டுகளில் சோதித்துப் பார்த்துத்தான் இயல்பு அமைப்பாக ஆக்கினார்கள். பயனர் எதையும் தொடாமலே பலருக்குப் பேட்டரி நேரம் கூடியது. அதே வழியில், ஃபயர்பாக்ஸ் உலாவி 2023இல் 115ஆம் பதிப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினிகளில் வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் வசதியை இயல்பாக்கியது. அதுவரை அந்த வேலையைச் செயலி முக்கி முனகிச் செய்துகொண்டிருந்தது.

‘இதெல்லாம் சரி, சாதாரண மனிதர் ஏன் கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. அதற்கு மதிப்பளித்தே பதில் சொல்கிறேன். பெரும்பாலோர் திறக்க வேண்டியதே இல்லை. இன்றைய பரவலான லினக்ஸ் விநியோகங்கள், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினிகளில், நிறுவிய உடனே ஒழுங்காகத் தூங்குகின்றன. சிக்கல் உள்ள இயந்திரங்களும் உண்டு. மூடியை மூடினால் பழைய எஸ்3 தூக்கத்துக்குப் போகாமல், புதிய முறையில் அரைவிழிப்பில் கிடந்து பைக்குள் சூடாகும் மடிக்கணினிகளை நானும் பார்த்திருக்கிறேன். எஸ்3ஐ ஃபர்ம்வேரிலிருந்தே நீக்கிவிட்ட தயாரிப்பாளரின் முடிவுக்குக் கெர்னலைக் குற்றம் சொல்ல முடியாது. விண்டோஸ் பயனர்களும் அதே சூட்டைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். வாங்கும்முன் அந்த மாதிரி லினக்ஸில் எப்படித் தூங்குகிறது என்று விசாரித்து வாங்குங்கள் என்பதே அதற்கு என் பதில்.

திறந்து பார்க்க வேண்டியவர்கள் வேறு. கணினி படிக்கும் மாணவர்கள், கற்பிக்கும் ஆசிரியர்கள், காசு வாங்கிப் பழுதுபார்ப்பவர்கள். இவர்கள் அளக்காமல் பேசுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வயிற்றுவலி என்று வருபவரைத் தொட்டும் பாராமல், ‘உங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை, ஊரை மாற்றுங்கள்’ என்று சொல்லும் மருத்துவரை நாம் ஏற்போமா? ஒரு மாணவியின் இயந்திரத்தில் அவள் எழுதிய நிரல்களும், இரண்டு ஆண்டுகளாகப் பழகிய சூழலும், தானே திறந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பும் இருக்கின்றன. ‘தின்னும்’ என்ற ஒற்றைச் சொல்லால் அவற்றை அழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அளப்பதற்குச் சார்ஜரைக் கழற்றிய ஒரு கணினியும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். சில மடிக்கணினிகளில் ‘பவர்_நவ்’ இருக்காது. மின்னோட்டமும் மின்னழுத்தமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வாட் எண் சிறிதாக இருந்து நேரமும் குறைவாக இருந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் யாரோ தூங்கவில்லை. பவர்டாப்பைத் திறந்து யார் என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி எண்ணைப் பாருங்கள்.

அக்கா மகள் விடுதிக்குத் திரும்பிய வாரம் தொலைபேசியில் பேசினாள். பக்கத்து அறைத் தோழியின் மடிக்கணினியிலும் அதே கோளாறாம். “எண்ணைப் பார்த்தோம் மாமா, 11 வாட். ஆனா கிராஃபிக்ஸ் கார்டு தூங்கிட்டுத்தான் இருக்கு. வேற என்னமோ எழுப்புது. ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிச்சுடுவோம்” என்றாள். கண்டுபிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை, கண்டுபிடித்திருப்பார்கள். அவர்கள் இருவரும் இனி எந்தக் கடையிலும் அளக்காத தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு திரும்ப மாட்டார்கள்.